ஜப்பானிய மொழித் தற்கற்றல் வளங்கள்

ஜப்பானிய மொழித் தற்கற்றல் வளங்கள் என்பன ஆசிரியரின் நேரடித் துணையின்றி ஜப்பானிய மொழியைக் கற்க விரும்புவோர் பயன்படுத்தக்கூடிய பாடநூல்கள், அகராதிகள், மென்பொருள்கள், வாசிப்பு நூல்கள் முதலியனவாகும். பிற ஆசிய மொழிகளோடு ஒப்பிடுகையில் ஜப்பானிய மொழிக்கு இத்தகைய வளங்கள் மிகுதி. அவற்றுள் சிறந்தவை பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுவோரை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஆங்கிலேயருக்குக் கடினமான இடத்தில் அவை பத்துப் பக்கம் விளக்கும். அவ்விடம் தமிழருக்கு ஒரு வரியில் விளங்கிவிடும். தமிழர் இடறும் இடங்களோ அந்நூல்களில் பேசப்படுவதே இல்லை. ஆகவே வளங்களை அறிமுகம் செய்வதோடு, அவற்றைத் தமிழறிந்தவர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதும் இக்கட்டுரையில் தரப்படுகின்றது.

இக்கட்டுரையில் ஜப்பானியச் சொற்கள் தமிழ் எழுத்தில் தோராயமாகவே ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. அவற்றை உச்சரிப்புக்கு வழிகாட்டியாகக் கொள்ளலாகாது. அதற்கான காரணம் எழுத்துகள் பற்றிய பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

கற்கவேண்டியதன் அளவு

ஐக்கிய அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் ஜப்பானிய மொழியை வைத்துள்ளது. பணித்தேவைக்குரிய தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்பது அதன் கணிப்பு. இந்த எண் இணையத்தில் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயினும் இது தமிழருக்கு அப்படியே பொருந்தாது. இலக்கணத்தில் செலவாகும் காலம் தமிழருக்குக் கணிசமாகக் குறையும். கன்ஜி எழுத்துகளுக்கு ஆகும் காலம் குறையாது.

கற்கவேண்டிய எழுத்துகள் மூவகைப்படும். ஹிரகனா, கதகனா ஆகிய இரண்டும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. மூன்றாவது, சீனத்திலிருந்து பெறப்பட்ட கன்ஜி. (தமிழில் இதைக் காஞ்சி என எழுதுவாரும் உளர். ஊரோடும் கூழோடும் குழப்பம் நேராதிருக்க இங்கே கன்ஜி என்றே எழுதப்படுகிறது.) பொதுப் பயன்பாட்டுக்குரிய கன்ஜிகளின் அரசுப் பட்டியல் 2010 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2,136 எழுத்துகளைக் கொண்டது. அதற்கு முன்னர் 1981 முதல் 1,945 ஆக இருந்தது. இவற்றுள் 1,026 எழுத்துகளை ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்கின்றனர். முதல் வகுப்பில் கற்பிக்கப்படுவன 80 மட்டுமே.

ஒலியெழுத்துகளும் தமிழரும்

ஜப்பானிய ஒலியெழுத்துகளின் அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, மெய்வரிசையில் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று செல்கிறது. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாக ஒலிக்கப்பட்டது என்பதைக் கருத்திற் கொண்டால் இது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்னும் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையே என்பது புலனாகும். இது தற்செயலன்று. பௌத்த சமயத்தோடு ஜப்பானை அடைந்த சித்தம் எழுத்துமுறையின் வழியாக இந்திய ஒலியியல் அங்கு பரவியதன் விளைவு இது. ஆகவே ஜப்பானிய அகராதியில் சொல் தேடும் முறையைத் தமிழர் தனியே கற்கவேண்டியதில்லை.

குறில் நெடில் வேறுபாடும் மாத்திரைக் கணக்கும் தமிழருக்குப் பழக்கமானவை. 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சித்தி; 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கில நூல்கள் இந்த வேறுபாட்டை மீண்டும் மீண்டும் எச்சரிக்கின்றன. தமிழ்க் காது இதைத் தவறவிடுவதில்லை. 'கிதெ' என்பது வந்து. 'கித்தெ' என்பது அஞ்சல்தலை. ஒற்று இரட்டித்தல் என்னும் இவ்வேறுபாடும் நமக்கு இயல்பானதே. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் இறுதி னகரத்துக்கும் ஒரு முழு மாத்திரை. இதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. 'கின்' என்றால் பொன். வெள்ளிக்கும் தமிழ் எழுத்தில் 'கின்' என்றுதான் எழுத முடியும். ஆனால் முதலெழுத்து அங்கே 'கங்கை' என்னும் சொல்லைத் தொடங்கும் அதிர்வொலியைப் பெறும். ஜப்பானியத்தில் இவ்விரு ஒலிகளும் பொருளை மாற்றுவன. எழுத்தின் மேல் இடப்படும் இரு சிறு கோடுகளால் அவை வேறுபடுத்தப்படுகின்றன. இதைவிட நுட்பமானது சொல்லிடையே வரும் வல்லெழுத்து. சிவப்பு என்பதற்கான சொல்லை 'அக' என எழுதினால் தமிழ் வழக்கப்படி ககரம் மெலிந்து ஒலிக்கும். மெலியாதிருக்க 'அக்க' என எழுதினாலோ, அது மோசமடைதல் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லாகிவிடும். இடையில் தனித்து வரும் வல்லெழுத்தை மெலிக்காமலும் இரட்டிக்காமலும் சொல்வதே தமிழர் செய்யவேண்டிய முதற் பயிற்சி. எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இதற்குப் பயிற்சி கிடைக்காது, ஏனெனில் ஆங்கிலேயருக்கு இதில் இடரே இல்லை.

எனவே ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக் கற்பதைத் தொடக்கத்திலேயே தவிர்த்தல் நலம். உரோமன் எழுத்து இந்த வேறுபாடுகளைக் காட்டும் என்றாலும் அதையும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீட்டிக்கவேண்டியதில்லை. ஹிரகனாவை ஒரு வாரத்திலும் கதகனாவை அடுத்த வாரத்திலும் கையால் எழுதிப் பழகிவிடலாம். இதற்கெனக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய வளம் எதுவுமில்லை. அட்டவணை ஒன்றும் கட்டம் போட்ட ஏடு ஒன்றும் போதும்.

பாடநூல்கள்

மின்னா நோ நிஹொங்கோ ('அனைவருக்குமான ஜப்பானியம்') 1998 இல் வெளிவந்தது; இரண்டாம் பதிப்பு 2012 முதல் வெளியாயிற்று. தொடக்கநிலை இரு பாகங்களில் 50 பாடங்கள் உள்ளன. முதன்மை நூல் முழுவதும் ஜப்பானியத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனி நூலாகப் பல மொழிகளில் விற்கப்படுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் வகுப்பறைகளில் பரவலாகப் பயன்படுவது இதுவே. தனியே கற்பவர் இரண்டு நூல்களையும் அருகருகே விரித்துவைத்துக் கொள்ளவேண்டும். முதன்மை நூலை மட்டும் வாங்கியவர் மூன்றாம் பாடத்தைத் தாண்டுவது அரிது. நூலின் வாக்கிய மாதிரிகள் சற்று வறண்டவை. ஆனால் பயிற்சிகள் மிகுதி.

கென்கி 1999 இல் முதலில் வெளியானது; மூன்றாம் பதிப்பு 2020 இல் வந்தது. இரு பாகங்களில் 23 பாடங்கள். ஆங்கிலத்தில் நல்ல விளக்கங்கள் இருப்பதால் தற்கற்றலுக்கு இது எளிது. விடைகள் தனி நூலாக விற்கப்படுவதைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையை ஒட்டிய உரையாடல்கள் என்பதால், தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்பவருக்கு மின்னா நோ நிஹொங்கோவின் சொற்கள்தாம் உடனே உதவும்.

செலவின்றிக் கற்க விரும்புவோருக்கு, ஜப்பான் அரசின் ஆதரவில் இயங்கும் ஜப்பான் பவுண்டேஷன் 2020 இல் வெளியிட்ட இரோதொரி என்னும் பாடநூல் தொகுதி மிகப் பொருத்தமானது. ஜப்பானில் வேலை செய்து வாழவிருப்போரை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட இதன் நூல்களும் ஒலிக்கோப்புகளும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யக்கூடியவை. கடையில் பொருள் கேட்டல், மருத்துவமனைப் படிவம் நிரப்புதல், குப்பையை வகைபிரித்து வைக்கும் நாளைப் படித்தறிதல் போன்றவை இதில் பாடங்களாகின்றன. 2016 இல் அதே நிறுவனம் தொடங்கிய மினதோ என்னும் இணையத்தளத்தில் தானே கற்கும் படிப்புகளும் உள்ளன.

டே கிம் என்பவர் எழுதிய ஜப்பானிய இலக்கண வழிகாட்டி இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. பாடநூல்கள் முதலில் மரியாதை வடிவைக் கற்பித்துவிட்டு மூலவடிவத்தைப் பின்னர் தருகின்றன; இவ்வழிகாட்டி மூலவடிவத்திலிருந்து தொடங்குகிறது. வினையின் அமைப்பை முறையாக அறிய விரும்புவோருக்கு இவ்வரிசை தெளிவானது. பயிற்சிகள் குறைவு என்பதால் இதை மட்டுமே நம்பியிருத்தல் இயலாது. ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க செய்யிச்சி மகினோ, மிச்சியோ த்சுத்சுயி ஆகியோர் தொகுத்த அடிப்படை ஜப்பானிய இலக்கண அகராதி (1986) இன்றும் முதலிடத்தில் உள்ளது. இதன் இடைநிலைப் பாகம் 1995 இலும் உயர்நிலைப் பாகம் 2008 இலும் வந்தன. ஒரேயொரு நூலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பாடத்துக்கு இரோதொரியை இலவசமாகப் பெற்றுக்கொண்டு இந்த அகராதியின் முதற் பாகத்தை வாங்குவதே சிறந்த தெரிவு எனலாம்.

இலக்கணம்: ஆங்கில விளக்கத்தைத் தவிர்க்கக்கூடிய இடங்கள்

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை, பெயருக்குப் பின் ஒட்டும் வேற்றுமை உருபுகள், ஒட்டுநிலைச் சொல்லாக்கம் ஆகியவை இரு மொழிகளுக்கும் பொது. 'வதஷி வ கினோ ஹொன் ஒ கத்த' என்பது 'நான் நேற்று புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ஈடானது. 'கினோ கத்த ஹொன்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. ஆங்கில நூல்கள் இதற்கெனத் தனிப் பாடம் ஒதுக்கி, வாக்கியத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றன. தமிழில் இது வெறும் பெயரெச்சம்.

மாணவர் பலரை அச்சுறுத்தும் 'தெ வடிவம்' தமிழ் வினையெச்சமே. அதனோடு சேரும் துணைவினைகளும் ஏறத்தாழ அதே சொற்களாக உள்ளன. 'தபெதெ மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு' என்னும் வினைக்குத் தனியே பொருள் 'பார்' என்பதுதான். 'கத்தெ ஒகு' என்பது 'வாங்கி வை'. 'ஒகு' என்பது 'வை'. 'மொத்தெ குரு' கொண்டு வருதல். 'மொத்தெ இகு' கொண்டு போதல். 'தபெதெ ஷிமத்த' என்பது 'சாப்பிட்டுவிட்டேன்'. இதில் அடங்கிய முடிந்துபோனதே என்னும் வருத்தக் குறிப்பை ஆங்கிலத்தில் விளக்கப் பல வரிகள் வேண்டும். தமிழில் 'விடு' அதைத் தானே உணர்த்துகிறது.

கூற்றைச் சுட்டும் 'தொ' என்பது 'என்று'. 'தரெ' என்றால் யார், 'தரெ க' யாரோ, 'தரெ மொ' யாரும். 'நெகொ மொ இனு மொ' என்றால் பூனையும் நாயும். வாக்கிய இறுதியில் வினாவாக வரும் 'க' தமிழின் ஆகாரத்துக்கு நிகர். 'எனக்குப் புரிகிறது', 'எனக்குப் பிடிக்கும்' என்னும் தமிழ் அமைப்பை அறிந்தவருக்கு, 'வகரு', 'ஸுகி' ஆகிய சொற்கள் ஏன் செயப்படுபொருள் உருபை ஏற்காமல் 'க' (அதிர்வொலி) உருபை ஏற்கின்றன என்பதில் வியப்பிராது. நில், நிறுத்து போன்ற தன்வினை பிறவினை இணைகளும் 'தொமரு', 'தொமெரு' என அங்கே நிறைய உள்ளன.

சுட்டெழுத்துகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஜப்பானியத்தில் பேசுவோர் அருகிலிருப்பதற்கு 'கொ', கேட்போர் அருகிலிருப்பதற்கு 'ஸொ', இருவருக்கும் தொலைவிலிருப்பதற்கு 'அ', வினாவுக்கு 'தொ' (அதிர்வொலி) என நான்கு உள்ளன. தமிழ் இலக்கணத்தின் இ, உ, அ, எ என்பனவற்றோடு இவற்றை ஒப்பிடலாம். இடைப்பட்ட 'உ' தமிழகப் பேச்சில் மறைந்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் உது, உவர், உங்கை என இன்றும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் பாடம் வேண்டியதே இல்லை.

கொடுத்தல் வினைகள் மற்றொன்று. பேசுபவருக்கோ அவரைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் கொடுத்தால் 'குரெரு'. வெளியே பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. தா என்னும் சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுப்பது இதற்கு நெருங்கியது. முன்னிலைக்கும் 'அகெரு' வரும் என்பது மட்டுமே வேறுபாடு.

இவ்வொற்றுமைகளைக் கொண்டே ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) ஜப்பானிய மொழியின் தோற்றத்தைத் தமிழோடு இணைத்துப் பல நூல்கள் எழுதினார். பெரும்பாலான வரலாற்று மொழியியலாளர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. கற்பவருக்கு இவ்விவாதத்தின் முடிவு முக்கியமன்று. உறவு இருப்பினும் இல்லாவிடினும் அமைப்பு ஒற்றுமை பயன் தரும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உள்ளன. ஜப்பானிய வினை இடம், பால், எண் காட்டுவதில்லை. 'கித' என்பது வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தன அனைத்துக்கும் ஒன்றே. பெயரடைகள் காலம் காட்டித் திரியும். 'வ', 'க' உருபுகளின் வேறுபாடு (பேசுபொருள், எழுவாய்) எந்த நூலாலும் முழுதும் விளக்கப்படவில்லை. வாசிப்பால் மெல்ல வருவது அது.

கன்ஜி

ஒரு கன்ஜிக்குப் பொதுவாகச் சீன ஒலிப்பும் ஜப்பானிய ஒலிப்பும் உண்டு. சிலவற்றுக்கு ஒவ்வொன்றிலும் பல. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்னும் சொல்லில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே கன்ஜி. முதலில் 'நிச்சி', இறுதியில் 'பி'. அந்த எழுத்து ஞாயிறு, நாள் ஆகிய இரண்டையும் குறிக்கும். அடுத்த நாளின் எழுத்து நிலவையும் மாதத்தையும் குறிக்கும், நம் திங்களைப் போலவே. கிழமைப் பெயர்கள் இரு மொழிகளிலும் கோள்களின் வரிசையையே பின்பற்றுகின்றன. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அங்கே பொன் என்னும் எழுத்து.

மனனம் செய்யும் முறைகளுள் புகழும் சர்ச்சையும் ஒருங்கே பெற்றது ஜேம்சு ஐசிக் 1977 இல் முதலில் வெளியிட்ட நூலின் முறை. எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரிட்டு, அவற்றை இணைக்கும் கதையால் பொருளை நினைவிற் கொள்வது இது. ஆறாம் பதிப்பில் 2,200 எழுத்துகள் உள்ளன. முதற் பாகத்தில் ஒலிப்பு கற்பிக்கப்படுவதில்லை என்பதே இதன் மீதான முதன்மைக் குறை. தமிழருக்கு மேலுமொரு குறை: ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்படும் திறவுச்சொல் ஆங்கிலத்தில் உள்ளது. ஒரே பொருளுடைய அருகிய ஆங்கிலச் சொற்களை வேறுபடுத்தி நினைவிற் கொள்வதே தனி வேலையாகிவிடும். முறையை மட்டும் எடுத்துக்கொண்டு திறவுச்சொற்களைத் தமிழில் தானே இட்டுக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

ஒலியுறுப்புகளைக் கவனிப்பதும் பயனுள்ளது. நீலத்தைக் குறிக்கும் எழுத்துக்குச் சீன ஒலிப்பு 'ஸே'. அதனோடு நீர்க்குறி சேர்ந்தால் தூய்மை, ஞாயிற்றுக்குறி சேர்ந்தால் வானம் வெளுத்தல், சொற்குறி சேர்ந்தால் வேண்டுதல்; மூன்றின் ஒலிப்பும் 'ஸே' தான். சில நூறு எழுத்துகளைக் கற்றபின் புதிய எழுத்தின் ஒலிப்பை ஊகிக்க முடிவது இதனாலேயே. எழுதும் கோட்டு வரிசைக்குக் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் கன்ஜிவிஜி தரவுத்தொகுதியைப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. கட்டணச் சேவைகளுள் வனிகனி பெயர்பெற்றது. அதன் 60 படிகளில் முதல் மூன்றும் இலவசம்.

அகராதிகள்

இணையத்திலும் கைப்பேசியிலும் உள்ள ஜப்பானிய-ஆங்கில அகராதிகளுள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் ஒன்றே. ஆத்திரேலியாவின் மொனாசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991 இல் தொடங்கிய எடிக்ட் என்னும் கோப்பு, பின்னர் ஜேஎம்டிக்ட் என விரிந்து இன்று 2 இலட்சத்துக்கு மேற்பட்ட உள்ளீடுகளைக் கொண்டுள்ளது. ஜிஷோ முதலிய தளங்கள் இதன் மீதே இயங்குகின்றன. செருமன், பிரெஞ்சு, உருசியம், அங்கேரியம் முதலிய மொழிகளிலும் பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழ் அவற்றுள் இல்லை. தரவு கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படுவதால் தமிழ்ப் பொருள்களைச் சேர்க்க உரிமத் தடை எதுவுமில்லை. முதல் ஈராயிரம் சொற்களுக்குச் செய்தாலே தொடக்கநிலைக் கற்போருக்குப் போதுமானதாகும்.

உலாவியில் சொல்லின் மீது சுட்டியை வைத்தவுடன் பொருள் காட்டும் நீட்சிகளும் இத்தரவையே நம்பியுள்ளன. பயர்பாக்சு உலாவிக்கான ரிகாய்ச்சான் 2000களில் பலரது முதல் துணையாக இருந்தது. 2017 இல் அவ்வுலாவி பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது அதன் காலம் முடிந்தது. யோமிச்சான் என்னும் நீட்சி 2023 இல் நிறுத்தப்பட்டது. அதன் மூலநிரலிலிருந்து கிளைத்த யோமிடான் தொடர்கிறது. தனியொருவரின் தன்னார்வ உழைப்பில் நிற்கும் கருவிகள் இவ்வாறு மறைவது வழக்கம். கற்பவர் தாம் சேர்த்த சொற்பட்டியலைத் தம் கணினியில் எளிய உரைக்கோப்பாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

ஒலிப்பின் ஏற்ற இறக்கத்துக்குத் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ஓஜாட் இணைய அகராதி உதவும். தோக்கியோ வழக்கில் 'ஹஷி' என்பதன் முதலசை உயர்ந்தால் உண்ணும் குச்சி. இரண்டாமசை உயர்ந்தால் பாலம்.

நினைவுப் பயிற்சி மென்பொருள்

அங்கி (ஜப்பானியத்தில் 'மனப்பாடம்') 2006 இல் டேமியன் எல்மெசு வெளியிட்ட கட்டற்ற மென்பொருளாகும். மறக்கும் தறுவாயில் மீளக் காட்டுதல் என்னும் கொள்கைப்படி ஒவ்வோர் அட்டையும் விரியும் இடைவெளிகளில் தோன்றும். இடைவெளிகளைக் கணிக்க நெடுங்காலம் எஸ்எம்-2 என்னும் படிமுறை பயன்பட்டது. 2023 இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் புதிய படிமுறையும் சேர்க்கப்பட்டது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு.

இம்மென்பொருளைத் தொடங்கியவர்கள் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் எளிய கணக்கே. நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் சேர்த்தால் சில வாரங்களில் நாள்தோறும் 150 முதல் 200 அட்டைகளை மீளப் பார்க்க நேரும். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்று ஐந்து நாள் விட்டவர் திரும்பி வருகையில் ஆயிரத்தை நெருங்கிய நிலுவையைக் காண்பார். வேலைக்குச் செல்பவர் நாளுக்கு 7 அல்லது 8 புதிய அட்டைகளோடு நிறுத்திக்கொள்வது உகந்தது. ஆண்டுக்கு 2,500 சொற்களுக்கு அதுவே போதும். பிறர் ஆக்கிய ஆயத்தத் தொகுதிகளைவிட, தாம் படித்த வாக்கியத்திலிருந்து எடுத்துத் தமிழில் பொருளெழுதிய அட்டைகளே நினைவில் நிற்கும்.

கணினியில் ஜப்பானியம்

விண்டோசு, மேக் ஆகியவற்றில் ஜப்பானிய உள்ளீட்டு முறை உள்ளமைந்துள்ளது. லினக்சில் கூகிள் 2010 இல் மூலநிரலை வெளியிட்ட மொஸ்க் கிடைக்கிறது. உரோமன் எழுத்தில் தட்டினால் ஹிரகனா தோன்றும். இடைவெளி விசையை அழுத்தினால் கன்ஜித் தெரிவுகள் வரும். தமிழ் ஒலியியல் தட்டச்சுக்குப் பழகியவருக்கு இது புதிதன்று. நெடிலைக் குறிலாகத் தட்டினால் வேண்டிய சொல் வரவே வராது. எனவே தட்டச்சே நல்ல எழுத்துக்கூட்டல் பயிற்சியாகவும் அமைகிறது.

ஒருங்குறியில் சீன, ஜப்பானிய எழுத்துகள் பல ஒரே குறியெண்ணைப் பகிர்கின்றன. ஆகவே கணினியின் மொழித் தெரிவில் சீனம் முன்னிருந்தால், சில கன்ஜிகள் சீன வடிவிலேயே தோன்றும். எலும்பு, நேர் ஆகியவற்றுக்கான எழுத்துகளில் இது தெளிவாகத் தெரியும். பல மாதங்கள் தவறான வடிவத்தை எழுதிப் பழகாதிருக்க, மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தை மேலே வைத்து ஜப்பானிய எழுத்துரு ஒன்றை நிறுவவேண்டும்.

வாசிப்பும் கேட்டலும்

இரோதொரியின் முதற் பாகத்தை முடித்தவுடன் வாசிக்கத் தொடங்கலாம். தரப்படுத்தப்பட்ட சிறு கதைநூல்கள் 'ததொகு' (மிகுதியாக வாசித்தல்) என்னும் இயக்கத்தின் தளத்தில் இலவசமாக உள்ளன. அகராதியைப் பாராமல் படி, புரியாததைத் தாண்டு, சலித்தால் வேறு நூலை எடு என்பன அதன் விதிகள்.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2012 இல் தொடங்கிய எளிய ஜப்பானியச் செய்தித்தளம் அடுத்த படி. கன்ஜியின் மேல் ஹிரகனா ஒலிப்பும் கடினச் சொல்லுக்கு எளிய ஜப்பானிய விளக்கமும் தரப்படும். 2025 அக்டோபரில் அந்நிறுவனம் தன் இணையச் சேவைகளை மாற்றியமைத்ததால் பழைய நூல்களில் காணப்படும் முகவரி பொருந்தாது.

அஒசொரா புன்கோ 1997 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் மின்னூலகம். நம் மதுரைத் திட்டத்துக்கு ஒப்பானது. நத்சுமே சோசெகி, அகுதகவா, மியசவா கென்ஜி, தசாய் ஒசமு முதலியோரின் படைப்புகள் இதில் உள்ளன. 2018 திசம்பர் 30 அன்று ஜப்பானின் பதிப்புரிமைக் காலம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டிக்கப்பட்டது. இதனால் 1968 இல் மறைந்தவர்களின் நூல்கள் 2039 வரை காத்திருக்கவேண்டும். 1972 இல் மறைந்த கவபதா யசுனரியின் படைப்புகள் பழைய சட்டப்படி 2023 இல் பொதுவுடைமை ஆகியிருக்கும். இப்போது அது 2043.

அசைவூட்டப் படங்களைப் பார்த்தே மொழி கற்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. காதுக்குப் பழக்கம் கிடைக்கும் என்பது உண்மை. ஆயின் அவற்றில் வரும் வீரர்களும் சிறுவர்களும் தம்மைக் குறிக்க ஆளும் சொற்களை அலுவலகத்தில் ஆள்வது, நம்மூரில் மேலாளரை 'டேய்' என அழைப்பதற்கு நிகராகும்.

தேர்வுகள்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடைபெறுகிறது. 2010 முதல் என்5 (எளியது) தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள். சூலை, திசம்பர் மாதங்களில் நடத்தப்படும் இத்தேர்வுக்குச் சென்னையும் கொழும்பும் மையங்களாக உள்ளன. சென்னையில் இதை ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் நடத்துகிறது. மொத்தம் 180 மதிப்பெண். என்5 தேர்ச்சிக்கு 80, என்4க்கு 90, என்3க்கு 95, என்2க்கு 90, என்1க்கு 100. ஒவ்வொரு பகுதியிலும் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கேட்டலில் 60க்கு 19 பெறாதவர் மொத்தத்தில் எவ்வளவு பெற்றாலும் தோல்வியே. வீட்டில் நூலை மட்டும் படித்துத் தேர்வெழுதுவோர் வீழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

இத்தேர்வை எழுத எந்தப் பயிற்சி நிலையத்தின் சான்றிதழும் வேண்டியதில்லை. எவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஜப்பான் 2019 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய குறித்த திறன் பணியாளர் நுழைவுரிமைக்கு இலங்கை 2019 சூனிலும் இந்தியா 2021 சனவரியிலும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குப் பொதுவாக என்4 அல்லது ஜேஎஃப்டி அடிப்படைத் தேர்வில் தேர்ச்சி வேண்டும். என்5 சான்றிதழ் இருந்தால் வேலை உறுதி என்று கூறிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். என்5 அந்நுழைவுரிமைக்குப் போதாது.

தனியே கற்பதன் எல்லை

மொழித் திறன் தேர்வில் பேசுதலும் எழுதுதலும் இல்லை. ஆகவே என்2 தேர்ச்சி பெற்றும் தொலைபேசியை எடுக்க அஞ்சுவோர் உண்டு. ஒலிப்பதிவைக் கேட்டு அரை நொடி பின்தொடர்ந்து சொல்லும் நிழற்பேச்சுப் பயிற்சியைத் தனியே செய்யலாம்; தன் குரலைப் பதிந்து ஒப்பிடலாம். அதற்கு மேல் எதிரே ஓர் ஆள் வேண்டும். மரியாதை மொழியில் இது மிகத் தெளிவாகப் புலப்படும். தமிழில் நம் மேலாளரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போதும் 'வருவார்' என்போம். ஜப்பானியர் வெளியாரிடம் தம் மேலாளரின் பெயருக்குப் பின் 'சன்' சேர்ப்பதில்லை. அவர் செயலைப் பணிவு வினையால் தாழ்த்தியே சொல்வர். விதியை நூலில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் பேசும் கணத்தில் நா 'சன்' என்றே சொல்லும்.

மொழிப் பரிமாற்றத் துணை தேடுவோர் நேர வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளவேண்டும். ஜப்பான் இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. அங்கே வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் இரவு 9 மணிக்கு உரையாட அமர்ந்தால் இங்கே மாலை 5.30. வேலைநாள்களில் இது பலருக்கு இயலாது என்பதால் வார இறுதிக் காலை நேரமே இருவருக்கும் பொருந்தும்.